ரவாங்கா, இரவாங்கா?

1894-இல் மலாயாவில் முதன்முதலாக மின்சாரம் உற்பத்தியான இடம் எங்கள் ரவாங். ஈயச் சுரங்க வேலைக்காக லோக் யூவும் தம்புசாமி பிள்ளையும் சேர்ந்து ஒரு மின்னாக்கியை இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் விளக்கு எரிந்ததே அதற்கு அடுத்த ஆண்டுதான். எங்க ஊருல இன்னிக்கும் மழை வந்தா கரண்டு போகும், அது வேற கதை.

இந்த விஷயத்தைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு வாக்கியமாகச் சேர்க்கலாம் என்று ஒரு நாள் இரவு உட்கார்ந்தேன். ஒரே வாக்கியம், நான்கு இணைப்பு: ஊர், சுரங்கம், இரண்டு மனிதர்கள். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று இரவு ஆனது. தகவல் தேட ஆன நேரம் அல்ல அது. பெயர்களை எப்படி எழுதுவது என்பதிலேயே நேரம் போனது. தம்புசாமி பிள்ளை, தம்புசாமிப் பிள்ளை, தம்புசாமிப்பிள்ளை: படிப்பவருக்கு மூன்றும் ஒரே ஆள், மென்பொருளுக்கு மூன்று ஆட்கள். நான் ‘ப்’ போட்டு எழுதிய இணைப்பு சிவப்பாக நின்றது. சிவப்பு என்றால் அப்படி ஒரு பக்கம் இல்லை என்று அர்த்தம். பத்துமலையோடும் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனோடும் சேர்த்துச் சொல்லப்படும் மனிதர், கோலாலம்பூரில் ஒரு சாலைக்கே பெயராக இருப்பவர், ஒரு ஒற்றெழுத்தால் இல்லாமல் போய்விட்டார்.

லோக் யூ கதை இன்னும் மோசம். லோக் யூ, லோக் இயூ, லோக் யியூ என்று எழுதுகிறோம். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதால் எது பெயர், எது குடும்பப் பெயர் என்ற குழப்பம் தனி. ‘ல’ சொல்லுக்கு முதலில் வராது என்று இலக்கணம் பார்த்து ‘உலோக்’ என்று எழுதினால் மனிதர் உலோகமாகிவிடுவார். ஈயம் தோண்டியவருக்குப் பொருத்தமான பெயர்தான், ஆனாலும் நான் துணியவில்லை.

ஊர்ப் பெயருக்கும் அதே சிக்கல். தொல்காப்பியம் சொல்லுக்கு முதலாகும் எழுத்துகளை வரையறுத்துச் சொல்கிறது. ரகரம் அதில் இல்லை. அப்படிப் பார்த்தால் ‘இரவாங்’. தமிழ் விக்கிப்பீடியாவில் ரஷ்யா ‘உருசியா’ ஆனதும் லண்டன் ‘இலண்டன்’ ஆனதும் இந்த வழியில்தான். ஆனால் ரவாங்கில் பிறந்து வளர்ந்த எவரும் ‘இரவாங்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. பேருந்து நிலையத்தில் போய் “இரவாங் பஸ் எங்க நிக்கும்?” என்று கேட்டால், ராத்திரி பஸ்ஸா என்று திருப்பிக் கேட்பார்கள்.

தலைப்பு என்பது அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். வேலை செய்யும் இடத்திலும் எங்களுக்குள் ஒரு விக்கி உண்டு. இயந்திரங்களின் பராமரிப்புக் குறிப்புகளை அதில் எழுதி வைப்போம். புதிது, புதிது 2, கடைசி, உண்மையான கடைசி என்ற மாதிரித் தலைப்புகள் நிறைய. ஒருமுறை நான் நல்லெண்ணத்தில் ஒரு பக்கத்தின் தலைப்பைத் திருத்தி, பழைய தலைப்பிலிருந்து வழிமாற்று வைக்காமல் விட்டுவிட்டேன். அந்தப் பக்கத்துக்குப் போகும் எல்லா இணைப்பும் அறுந்தது. இரவுப் பணியில் இருந்தவர் குறிப்பு கிடைக்காமல் என்னை இரண்டரை மணிக்கு எழுப்பினார். தலைப்பு என்பது முகவரி என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு இந்தத் தலைப்பு, இணைப்பு இரண்டும் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன். தேடினால் கணினிக்கு வெகு முன்னாலேயே தமிழில் இந்தச் சிக்கல் இருந்திருக்கிறது.

நம்முடைய பழைய நிகண்டுகளில் அகரவரிசை கிடையாது. திவாகரம் சொற்களைப் பொருள் வகையாகப் பிரித்து வைத்தது: தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று பன்னிரண்டு தொகுதிகள். செய்யுளாக மனப்பாடம் செய்தவனுக்குத் தேட வேண்டிய அவசியமே இல்லை, தலைக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு ஆச்சரியம் தந்தது பதினோராம் தொகுதி. ‘ஒரு சொல் பல்பொருள்’ என்று அதற்குப் பெயர். ஒரே சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டோ அத்தனையையும் அது ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறது. விக்கிப்பீடியாவில் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ என்று ஒரு வகைப் பக்கம் உண்டு. ஒரே பெயரில் பல விஷயங்கள் இருந்தால், நீங்கள் தேடுவது இதுவா அதுவா என்று கேட்டுப் பிரித்துவிடும். ரவாங் என்றால் சிலாங்கூரில் கோம்பாக் மாவட்டத்து ஊர்; மியன்மாரின் கச்சின் பகுதியில் அதே பெயரில் ஓர் இனக்குழுவும் இருக்கிறது. திவாகர முனிவர் இருந்தால் பதினோராம் தொகுதியில் போட்டிருப்பார்.

சொல்லை அதன் எழுத்தை வைத்துத் தேடலாம் என்பது தமிழுக்குப் பிந்தி வந்த யோசனை. 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் செய்த ‘அகராதி நிகண்டு’ சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கியது. 1732-இல் வீரமாமுனிவர் ‘சதுரகராதி’யில் அதை முழு அகரவரிசை ஆக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவு. இதை வெறும் வசதி என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. பொருள் வகையாக அடுக்கியபோது எழுத்துக்கூட்டல் அவ்வளவு முக்கியமில்லை. மரம் என்றால் மரத் தொகுதியில் எங்கோ இருக்கும். அகரவரிசை வந்த நாளிலிருந்து, எழுத்து மாறினால் இடம் மாறும். ‘ர’வில் தேடுவதா ‘இ’யில் தேடுவதா என்ற என் மூன்று இரவுப் பிரச்சினை அங்கேதான் பிறந்தது.

அதற்கு அச்சுக்காலம் கண்டுபிடித்த மருந்து ‘காண்க’ என்ற ஒரு சொல். தேடியவன் தவறான இடத்துக்கு வந்திருந்தால் சரியான இடத்துக்கு அனுப்பிவைக்கும். யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902-இல் ‘அபிதான கோசம்’ வெளியிட்டார். சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் தனி ஆளாகத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’யை மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910-இல் கொண்டுவந்தது. பாண்டித்துரைத் தேவர் கைகொடுக்காமல் இருந்திருந்தால் அது அச்சேறியிருக்குமா என்பது சந்தேகம். பிறகு தி. சு. அவினாசிலிங்கம் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் ‘கலைக்களஞ்சியம்’, பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அச்சில் ஒரு வசதியும் ஒரு கொடுமையும் உண்டு. தலைப்பை ஒருவர் முடிவு செய்துவிட்டால் அதோடு சண்டை முடிந்தது. அதே காரணத்தால் பிழையும் அப்படியே நிற்கும், அடுத்த பதிப்பு வரும்வரை, வந்தால்.

இனி விக்கி. 1995 மார்ச் 25-ஆம் தேதி அமெரிக்காவில் வார்டு கன்னிங்காம் என்ற நிரலாளர், யாரும் வந்து திருத்தக்கூடிய ஒரு வலைத்தளத்தைத் திறந்தார். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய ‘விக்கி விக்கி’ பேருந்தின் பெயரை அதற்கு வைத்தார்; ஹவாய் மொழியில் ‘விக்கி’ என்றால் விரைவு. அவர் செய்த தந்திரம் எளிமையானது. இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களை இடைவெளி இல்லாமல் ஒட்டி, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாகப் போட்டால், மென்பொருள் அதை ஒரு பக்கத்தின் தலைப்பு என்று எடுத்துக்கொண்டு தானே இணைப்பாக்கிவிடும். நடுவில் எழுந்து நிற்கும் பெரிய எழுத்துகள் ஒட்டகத் திமில் போலத் தெரிவதால் அதற்கு ஒட்டக எழுத்து என்றே பெயர் வந்தது. அப்படி ஒரு பக்கம் இன்னும் எழுதப்படவில்லை என்றால் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். அதைச் சொடுக்கி நீங்களே எழுதலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தேன். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. சீனத்தில் இல்லை, அரபியில் இல்லை, பெரும்பாலான இந்திய மொழிகளிலும் இல்லை. விக்கி அந்த ஒட்டகத்திலேயே பயணம் செய்திருந்தால் நாம் ஏறியே இருக்க முடியாது. யாரும் வேண்டுமென்று நம்மை ஒதுக்கவில்லை. வசதிக்காக எடுத்த ஒரு சின்ன முடிவு, அவ்வளவுதான். மென்பொருள் எழுதுகிற என் போன்றவர்கள் தினமும் இப்படி எத்தனை முடிவு எடுக்கிறோமோ.

2001 ஜனவரி 15-இல் ஆங்கில விக்கிப்பீடியா தொடங்கியபோது அதுவும் ஒட்டக எழுத்தில்தான் ஓடியது. கிளிஃபோர்டு ஆடம்ஸ் எழுதிய யூஸ்மாட் விக்கி என்ற மென்பொருள் அது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, ஒரே ஒரு சொல்லைத் தலைப்பாக வைக்க முடியவில்லை என்று முணுமுணுப்பு எழவே, சில வாரங்களிலேயே வேறு வழி வந்தது. இரண்டு சதுர அடைப்புக்குறிக்குள் எதை எழுதினாலும் அது இணைப்பு. [[ரவாங்]] என்று எழுதினால் ரவாங். 2002-இல் மாக்னஸ் மான்ஸ்கேயும் லீ டேனியல் குரோக்கரும் மென்பொருளைப் புதிதாக எழுதினார்கள். அதுதான் பிறகு மீடியாவிக்கி ஆனது. ஆங்கிலக்காரர்கள் அழகுக்காகச் செய்த மாற்றம் நமக்குக் கதவைத் திறந்துவிட்டது.

அதே ஆண்டு, 2001 ஆகஸ்டில், தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய 1997 மாநாட்டிலிருந்து தொடர்ந்து வந்த வரிசை அது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறியீட்டில் தமிழ் எழுதிக்கொண்டிருந்த காலம். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பைக் குறிகளாகத் தெரியும். எங்கள் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலைக் கேள்விப்படாத தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இங்கே குறைவு. ஆனால் எந்தக் குறியீடு பொது என்ற கேள்வி தீராமல் ஒரு தமிழ்ச் சொல்லைத் தலைப்பாக, முகவரியாக வைக்க வழியில்லை. யூனிகோடு கணினிகளில் பரவியபின்தான் அது நடந்தது. 2003 செப்டம்பர் 30-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. சில வாரங்களில், நவம்பரில், இ. மயூரநாதன் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர், துபாயில் வேலை. இடைமுகத்தைத் தமிழாக்கி, ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார். 2017 மே மாதத்தில் கட்டுரை எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

முதல் ஆண்டுகளின் பேச்சுப் பக்கங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ‘ஆலமரத்தடி’ என்று பொதுவாகப் பேசும் பக்கம் ஒன்று உண்டு, அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கும். தலைப்புச் சண்டைகளைப் படித்தால் நேரம் போவது தெரியாது. ஈழத்தவர் யப்பான் என்பார், தமிழ்நாட்டவர் ஜப்பான் என்பார், கிரந்தம் வேண்டாம் என்பவர் சப்பான் என்பார். ஈழத்தவருக்கு ரொறன்ரோ, தமிழ்நாட்டவருக்கு டொராண்டோ. இதெல்லாம் வெட்டிச் சண்டை என்று முதலில் சிரித்தேன். பிறகு புரிந்தது: கலைக்களஞ்சியத்தில் தூரனின் மேசையில் முடிந்துபோயிருக்கும் ஒரு முடிவை, இங்கே நான்கு நாட்டுக்காரர்கள் பொதுவில் உட்கார்ந்து எடுக்க வேண்டியிருக்கிறது. தமிழுக்கு அதற்கு முன் அப்படி ஒரு மேசை இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு தலைப்பு வென்றாலும் மற்றவை அழிவதில்லை, வழிமாற்றாக நிற்கும். யப்பான் என்று தேடுபவரும் வந்து சேர்ந்துவிடுவார். வழிமாற்றை நான் ‘காண்க’ என்பதன் பேரப்பிள்ளை என்று நினைத்துக்கொள்வேன்.

சண்டை போடாமலே தப்பு நடக்கும் இடங்களும் உண்டு, அவைதான் ஆபத்து. ஔவையாரைத் தேடுங்கள். ‘ஔ’ ஒரே எழுத்து. ஆனால் பலர் ‘ஒ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்துவிடுகிறார்கள். திரையில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவர் ‘ஒளவையார்’ என்ற வேறொரு பாட்டி. ‘ஸ்ரீ’ அதைவிட மோசம். ‘ஸ’வை வைத்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ‘ஶ’வை வைத்தும் எழுதலாம். இரண்டும் அச்சு அசலாக ஒரே உருவத்தில் தோன்றும். கோயில் பெயர்கள் எல்லாம் ‘ஸ்ரீ’யில் ஆரம்பிக்கும் எங்கள் நாட்டில், இணைப்பு ஏன் சிவப்பாக இருக்கிறது என்று மணிக்கணக்கில் முறைத்துப் பார்த்திருக்கிறேன். ‘கொ’ போன்ற எழுத்துகளைத் துண்டு துண்டாக அடித்தால் மீடியாவிக்கி தானே ஒன்றாக்கிவிடும். ஸ்ரீக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அடுத்தது வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் வாக்கியத்துக்குள் மாறாமல் நிற்கும். தமிழில் ஊரை வாக்கியத்தில் வைத்தாலே வால் முளைக்கும். [[கோலாலம்பூர்]]இல் என்று எழுதினால் ‘கோலாலம்பூர்இல்’ என்று தமிழே இல்லாத ஒன்று திரையில் வரும். கடைசி ‘ர்’ மேல் உள்ள புள்ளி போய் ‘ரி’ ஆக வேண்டும். ஆனால் தலைப்புக்குள் இருக்கும் புள்ளியை எடுத்தால் அது வேறு தலைப்பு. அதனால் நடுவில் ஒரு குத்துக்கோடு போட்டு, இடப்பக்கம் முகவரி, வலப்பக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டியது என்று பிரிக்கிறோம்: [[கோலாலம்பூர்|கோலாலம்பூரில்]]. கிள்ளான், சிலாங்கூர், பினாங்கு எல்லாவற்றுக்கும் இதே பாடு. உயிரில் முடியும் ஈப்போவுக்கும் மலாக்காவுக்கும் தொல்லையில்லை, [[ஈப்போ]]வில் என்று பின்னால் ஒட்டினால் போதும்; ஒட்டிய எழுத்தையும் இணைப்போடு சேர்த்துக்கொள்ள மென்பொருளில் ஏற்பாடு உண்டு. எங்கள் ஊருக்கும் அந்தச் சலுகை கிடைத்திருக்கிறது: [[ரவாங்]]கில். காஜாங், செலாயாங், பூச்சோங், எல்லா ‘ங்’ ஊர்களும் தப்பித்துவிட்டன. மலாய்க்காரர்கள் நமக்காக வைத்த பெயர்கள் அல்ல, ஆனாலும் நன்றி.

புதிதாக எழுத வருபவர்கள் இந்தக் குத்துக்கோட்டுக்குச் சோம்பல்பட்டு இரண்டு தப்பு செய்கிறார்கள். ஒன்று, ‘ரவாங்கில்’ என்பதையே தலைப்பாக நினைத்து இணைப்பது. அது சிவப்பில் முடியும். இன்னொன்று, ஊர்ப் பெயரை விட்டுவிட்டு ‘இங்கே’ என்ற சொல்லில் இணைப்பைக் கட்டுவது. எங்கே என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? நானும் இரண்டையும் செய்திருக்கிறேன். ஒரே பெயரை வரும் இடமெல்லாம் இணைத்து ஒரு பத்தியையே நீலக்காடாக்கிய பாவமும் என் கணக்கில் உண்டு.

ஒரு பொறியாளனாக இன்னொரு கணக்கும் சொல்ல வேண்டும். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு எடுக்கும். மீடியாவிக்கி ஒரு தலைப்புக்குக் கொடுக்கும் இடம் 255 பைட்டு. ஆங்கிலத்துக்கு 255 எழுத்து; நமக்கு 85 குறி. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறி என்பதால் எழுத்தாக எண்ணினால் இன்னும் குறையும். முகவரியாக நகலெடுத்துப் புலனத்தில் அனுப்பினால் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக ஒன்பது இடம் பிடிக்கும். ரவாங்கில் ஐந்து குறிகள், ஆக 45. கோலாலம்பூர் 99. நான் ஒருமுறை குடும்பக் குழுவில் ஒரு கட்டுரையின் இணைப்பை அனுப்ப, மாமா உடனே அழைத்தார். “தம்பி, உன் போன்ல வைரஸ் பூந்திருச்சா? என்னென்னமோ வருது.” உள்ளே இருந்தது பத்துமலை.

பத்துமலை என்றதும் ஞாபகம் வருகிறது. மலாயில் ‘பத்து’ என்றால் கல். குகைக்கு அந்தப் பெயர் பத்து ஆற்றிலிருந்து வந்தது. தமிழில் எழுதியதும் அது எண்ணாகிவிட்டது, பத்து மலைகள் எங்கே என்று தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். ரவாங்குக்குப் பக்கத்தில் இருக்கும் நிலக்கரிச் சுரங்க ஊரை பத்து ஆராங், பத்து அராங், பத்து ஆரங் என்று மூன்று விதமாக எழுதக் கண்டிருக்கிறேன். 1937-இல் சுரங்கத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் நடந்த ஊர் அது. 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. மூன்று எழுத்துக்கூட்டலில் யாராவது மூன்று பேர் அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுதி, மூன்றும் ஒன்றையொன்று சந்திக்காமலே போக முடியும். ‘ப’ ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்கும் எழுத்துமுறையில் மலாய்ப் பெயரை எழுதுவது எப்போதும் பாதி ஊகம்தான்.

மலாயில் ‘பத்து’வுக்கு இன்னொரு பொருளும் உண்டு, மைல்கல். எங்கள் ஆட்கள் அதைத்தான் ‘கட்டை’ ஆக்கினார்கள். மூணாங்கட்டை, ஏழாங்கட்டை என்று சாலையில் இத்தனையாவது மைல் என்பதே இடத்தின் பெயர். மைல் போய்க் கிலோமீட்டர் வந்து ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது, கட்டை போகவில்லை.

நான் அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான்கு இணைப்பும் நீலமானதும் எனக்கு ஆசை பெருகிவிட்டது. பாட்டி பிறந்த தோட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். ரப்பர்த் தோட்டம், பிறகு செம்பனை, இப்போது தாமான். வரிசை வீடுகளும் ஒரு பெட்ரோல் நிலையமும் நிற்கின்றன. பாட்டி இறந்து இரண்டு ஆண்டு ஆகிறது.

தோட்டங்களுக்கு மூன்று பெயர் இருந்தன என்பது இந்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று. அரசாங்கத் தாளில் பின்னாளில் வந்த மலாய்ப் பெயர் ஒன்று. மூன்றாவது, அங்கே பால் மரம் வெட்டியவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட பெயர். அது யாரோ ஒரு துரையின் பெயர் நாக்கில் உருண்டு தேய்ந்ததாக இருக்கும், கட்டை எண்ணாக இருக்கும், காளியம்மன் கோயிலாக இருக்கும். முதல் பெயர் நில வரைபடத்தில் இருக்கிறது. இரண்டாவது அலுவலகக் கோப்பில் இருக்கிறது. மூன்றாவது பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுத வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதுவார்கள்?

தமிழ்ப்பள்ளிகளைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல, தோட்டம் விற்கப்பட்டு, ஆட்கள் கலைந்து, பள்ளியே வேறு தாமானுக்கு இடம்பெயர்ந்த பிறகும் தோட்டத்தின் பெயரையே வைத்திருக்கின்றன. தோட்டம் இல்லை, தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. ஒரு வழிமாற்றுப் பக்கத்தைச் சிமெண்டில் கட்டினால் எப்படி இருக்கும், அது அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அங்கேயும் பலகையில் இருப்பது கம்பெனிப் பெயர். பாட்டி சொன்ன பெயர் அல்ல.

விக்கியில் சான்று இல்லாமல் எழுதக் கூடாது. நியாயமான விதி, இல்லாவிட்டால் ஆளுக்கொரு புராணம் எழுதுவோம். அதனால் முதன்மைத் தலைப்பாக ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதுவதே முறை. பழைய வரைபடத்தைச் சான்றாகக் காட்டலாம். பாட்டி சொன்ன பெயரை முதல் வரியில் தடித்த எழுத்தில் ‘என்றும் அழைக்கப்பட்டது’ என்று போட எனக்கு ஓர் அச்சுச் சான்று வேண்டும். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன. அப்படி ஒன்றைச் சான்றாக ஏற்பார்களா என்பதை விடுங்கள், முதலில் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றில் இருந்தது. மணமகளின் முகவரியாக, கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள். விக்கியில் ஒரே பெயர்கொண்ட பக்கங்களைப் பிரித்துக் காட்ட நாம் போடுகிறோமே, அதே மாதிரி வளைந்த அடைப்புக்குறி. அறுபது ஆண்டுக்கு முன் யாரோ ஓர் அச்சகக்காரர், விருந்தாளி வழி தவறிப் போகக்கூடாது என்று போட்டது.

அதில் இருந்த எழுத்துக்கூட்டலை சித்தியிடம் கைப்பேசியில் படித்துக் காட்டினேன். சித்தி சிரித்தார். “அப்படி இல்லடா, அம்மா ‘வ’ன்னு சொல்லமாட்டாங்க, ‘பா’ன்னுதான் இழுப்பாங்க.” மாமாவிடம் கேட்டேன். “ரெண்டும் இல்ல, நாங்க வெறும் தோட்டம்னு சொல்லுவோம். வேற தோட்டத்து ஆளுங்கதான் பேரு சொல்லுவாங்க.” மாமா சொன்னதை ஒரு மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பவர்களுக்குத் தலைப்பு தேவைப்படவில்லை.

அந்தப் பெயரை நான் இந்தக் கட்டுரையில் எழுதவில்லை. ஒளித்து வைக்க அல்ல. இங்கே ஒரு விதமாக எழுதிவிட்டால் அதுவே சான்றாகிவிடும் என்ற பயம். நாளைக்கு யாராவது இதைத் தேடி எடுத்து அடிக்குறிப்பில் போடுவார்கள், சித்தியின் ‘பா’ அதோடு போய்விடும்.

இப்போதைக்கு என் மணல்தொட்டிப் பக்கத்தில், சோதனைக்கு எழுதிப் பார்க்கும் இடத்தில், பத்து வரி இருக்கிறது. தோட்டம் எங்கே இருந்தது, எதைப் பயிரிட்டார்கள், பள்ளி எங்கே போனது. தலைப்பு இடத்தில் கம்பெனிப் பெயர். கீழே இரண்டு சிவப்பு இணைப்பு, ‘வ’வுக்கு ஒன்று, ‘பா’வுக்கு ஒன்று. கோல சிலாங்கூரில் பாட்டியின் தங்கை இருக்கிறார், எண்பத்தேழு வயது, காது கொஞ்சம் மந்தம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தியையும் அழைத்துக்கொண்டு போகிறேன். சின்னப் பாட்டி சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பெயரை நான் முதலில் சொல்லிவிடக் கூடாது.